எதிரிக் கூண்டுக்கு அருகே நின்ற கொல்வின்

கலாநிதி கொல்வின் ஆர்.டி. சில்வா என்றதும் தமிழ் பேசும் மக்களின் நினைவுக்கு முதலில் வருவது 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பாகும். அதில் வியப்பில்லை. ஆயினும் அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னர், தூக்குமேடையின் நிழலில் நின்ற ஒரு தமிழருக்காக அவர் கொழும்பு நீதிமன்றத்தில் வாதாடினார் என்பதை இன்றைய தலைமுறையினருள் அறிந்தோர் சிலரே. அவரது வாழ்வின் இவ்விரு பக்கங்களையும் சேர்த்து நோக்குவதே பொருத்தமென நாம் கருதுகின்றோம்.

1907இல் பலப்பிட்டியில் பிறந்த கொல்வின், இலண்டனில் வரலாற்றுத் துறையில் கலாநிதிப் பட்டமும் சட்டத் தகைமையும் பெற்றுத் திரும்பினார். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தோட்டத் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானபோது, அதனை விசாரித்த ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காகத் தோன்றியவர் கொல்வினே. அதே ஆண்டு ஜூனில் அவரும் அவரது தோழர்களும் கைது செய்யப்பட்டனர். அவர்கள்மீது குற்றப்பத்திரம் எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை. யுத்தகாலப் பாதுகாப்பு விதிகளின் கீழ் அவர்கள் வெறுமனே தடுத்து வைக்கப்பட்டனர். என்ன குற்றம் என்று சொல்லப்படாதவன் எதை மறுத்துரைப்பது? 1942 ஏப்ரலில் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து, சிறைக்காவலர் ஒருவரின் துணையுடன் தப்பிய நால்வருள் அவரும் ஒருவர். பின்னர் இந்தியா சென்று தலைமறைவு வாழ்வு வாழ்ந்தார்.

1951 ஒக்டோபர் 9ஆம் திகதி பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டின் வாகனக் கொட்டகையில் இளம் தாயொருவர் பிணமாகக் கிடந்தார். அவரது கணவர் மகாதேவ சதாசிவம், 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கு எதிராக இலங்கைக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர். கொலைக் குற்றச்சாட்டின் பேரில் அவர் கைது செய்யப்பட்டார். குடும்பத்தினுள் நிலவிய பிணக்கை ஊரே அறிந்திருந்தது. ஆகவே விசாரணை தொடங்கு முன்னரே பலர் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டனர்.

அரச தரப்பு வழக்கின் முதுகெலும்பாக விளங்கியது அவ்வீட்டு வேலைக்கார இளைஞனின் வாக்குமூலம். சம்பவத்தின் பின் தலைமறைவாகிச் சில நாட்களில் பிடிபட்ட அவன், தான் எசமானுக்கு உடந்தையாக இருந்ததாகக் கூறினான். நிபந்தனையுடனான மன்னிப்பு வழங்கப்பட்டு, அவன் அரச தரப்புச் சாட்சியாக்கப்பட்டான்.

இங்கேதான் குற்றவியல் வழக்கொன்றின் தன்மையை வாசகர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, உடந்தையாளியும் தகுதியுள்ள சாட்சியே என்கின்றது. அதே சட்டத்தின் 114ஆம் பிரிவோ, வேறு சான்றினால் வலுப்பெறாதவிடத்து அத்தகையவரின் கூற்று நம்பத்தகாதது என நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கின்றது. இவ்விரு பிரிவுகளுக்கும் இடையிலான ஒடுங்கிய நிலத்திலேயே எதிரியின் உயிர் ஊசலாடியது. எதிரி தன் நிரபராதித் தன்மையை நிரூபிக்க வேண்டியதில்லை. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றத்தை நிரூபிப்பது அரசின் கடமை. இது ஏட்டில் உள்ள விதி. ஆனால் சந்தேகம் தானாக எழுந்து நிற்பதில்லை. அதனைச் சாட்சியத்துள் தேடி எடுத்து யூரர்களின் முன் வைப்பதற்கு ஒருவர் வேண்டும்.

கொல்வின் அதனைச் செய்தார். கணவர் வாடகைக் காரில் வீட்டை விட்டுச் சென்ற நேரம் தெரியும். மரணம் அதற்கு முன்னர் நிகழ்ந்ததா, பின்னரா? கொலை நடந்தது வீட்டின் எப்பகுதியில்? சடலத்தின் பாதங்களில் படிந்திருந்த அழுக்கும், வேலைக்காரனின் உடலிற் காணப்பட்ட கீறல்களும், உடல் குளிர்ந்த வேகமும் நாட்கணக்கில் விவாதிக்கப்பட்டன. எடின்பரோவைச் சேர்ந்த புகழ்பெற்ற சட்டமருத்துவ நிபுணர் சேர் சிட்னி ஸ்மித் எதிரி தரப்பில் சாட்சியமளித்தார். நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் 57 நாட்கள் விளக்கம் நடைபெற்றது. 1953 ஜூன் 25ஆம் திகதி யூரர்கள் ஏகமனதாக எதிரியைக் குற்றவாளி அல்லரெனத் தீர்மானித்தனர். அதற்குள் அவர் ஏறக்குறைய இருபது மாதங்களைச் சிறையிற் கழித்துவிட்டார்.

வேலைக்காரச் சிங்கள இளைஞனின் சொல்லுக்கு எதிராக ஒரு தமிழருக்காக நின்ற சிங்களச் சட்டத்தரணியை அக்காலத்தில் எவரும் இனத்துரோகி என்றதாக நாம் அறியோம். பிற்காலத்தில் அந்நிலை மாறியது. பயங்கரவாத வழக்குகளில் தோன்றிய சட்டத்தரணிகள் எத்தகைய ஏச்சுக்கும் அச்சுறுத்தலுக்கும் ஆளாயினர் என்பதைத் தமிழர்களும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம்களும் கண்டனர். 2020இல் முஸ்லிம் சட்டத்தரணி ஒருவரே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார்.

இனி மறுபக்கம். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று பாராளுமன்றத்தில் எச்சரித்தவர் கொல்வின். 1970இல் அமைச்சரான அவரே 1972இல் புதிய யாப்பை வரைந்தார். சிறுபான்மையினருக்கு அரணாகக் கருதப்பட்ட சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு அதில் இடம்பெறவில்லை. சிங்களம் அரசகரும மொழியாகவும் பௌத்தம் முதன்மை இடம் பெற்ற மதமாகவும் அதில் பொறிக்கப்பட்டன.

எமக்கு அதனினும் விளங்காதது வேறொன்று. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின் பின்னர் அதே அரசாங்கம் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டத்தை நிறைவேற்றியது. பொலிஸாருக்கு அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது என்ற சான்றுச் சட்டத்தின் 25ஆம் பிரிவுக் காப்பு அங்கு பலனற்றுப் போயிற்று. ஒரு வாக்குமூலத்தின் நம்பகத்தன்மையை 57 நாட்கள் உரசிப் பார்த்த வழக்கறிஞர் அந்த அமைச்சரவையில் அமர்ந்திருந்தார். 1977இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. எனினும் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அதற்கு மேற்பட்ட அதிகாரியிடமோ அளிக்கப்படும் ஒப்புதலை ஏற்புடையதாக்கியது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிரூபிக்கும் சுமையையும் எதிரியின் தலையிலேயே ஏற்றியது. அதன் விளைவை எத்தனையோ தாய்மார் சிறைவாயில்களில் அனுபவித்தனர்.

சதாசிவம் 1977 ஜூலையில் காலமானார். கொல்வின் 1989 பெப்ரவரி 27ஆம் திகதி, தமது 82ஆவது வயதில் மறைந்தார்.