ஜேம்ஸ் நெய்ஸ்மித் சரித்திரச் சுருக்கம்

மாலை வேளையில் விளையாட்டுக் களத்திற்குச் செல்லும் மாணவர் யாவரும் அறிந்த இடர் ஒன்று உண்டு. கால்பந்தாட்டத்திற்கு ஒரு கட்சிக்குப் பதினொருவர் வேண்டும். வந்தவர் பதினைவராயின் ஆட்டம் குறைபடும். முப்பதின்மராயின் எண்மர் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்க நேரும். ஆட்டத்தின் கணக்கிற்கு ஆட்களைத் தேடுவதா, வந்த ஆட்களின் கணக்கிற்கு ஆட்டத்தை அமைப்பதா என்பது சிறிய வினாவன்று. அதற்குத் தம் செயலால் விடையிறுத்த பேராசிரியர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1861ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6ஆம் நாள், கனடா தேசத்து ஒண்டாரியோ மாகாணத்தில் ஆல்மாண்ட் என்னும் ஊருக்கருகே பிறந்தார். 1870இல் டைபாய்டு சுரம் தாய் தந்தையர் இருவரையும் கொண்டு போயிற்று. தாய்மாமன் ஆதரவில் வளர்ந்த சிறுவர், பள்ளியை இடையில் விட்டுச் சில ஆண்டுகள் காட்டில் மரம் வெட்டிப் பிழைத்தார். பின்னர்க் கல்வியின் அருமை உணர்ந்து மீண்டும் பள்ளி சேர்ந்து, 1883இல் மாண்ட்ரீல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையில் புகுந்தார். ஆங்குத் தேகப்பயிற்சியிலும் பந்தாட்டங்களிலும் சிறந்து விளங்கினார். அதன்பின் வேதசாஸ்திரமும் கற்றுத் தேர்ந்தார். ஆயினும் பிரசங்க மேடையினும் விளையாட்டுக் களமே வாலிபரை நல்வழிப்படுத்தத் தமக்கேற்ற இடம் எனத் துணிந்து, 1890இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரத்திலிருந்த வாலிபர் கிறிஸ்தவ சங்கப் பயிற்சிப் பள்ளியை அடைந்தார்.

அங்கே அவருக்கு ஒரு சோதனை காத்திருந்தது. இலையுதிர் காலத்தில் கால்பந்தும் வசந்தத்தில் பேஸ்பாலும் ஆடிய மாணவர், பனிக்காலத்தில் கூடத்தினுள் அடைபட்டு ஒரே விதமான அங்க அசைவுகளைச் செய்து சலிப்புற்றனர். சங்கச் செயலாளராகப் பயின்ற பதினெண்மர் கொண்ட வகுப்பொன்று அடங்காமைக்குப் பேர் பெற்றிருந்தது. அவ்வகுப்பை ஏற்ற ஆசிரியர் இருவர் கைவிட்டபின், தலைவர் லூதர் குலிக் அதனை நெய்ஸ்மித்திடம் ஒப்புவித்து, இரண்டு வாரத்தில் புதியதோர் ஆட்டம் காணுமாறு பணித்தார்.

வெளிக்கள ஆட்டங்களையே உள்ளே கொணர அவர் முதலில் முயன்றார். காலால் உதைக்கும் ஆட்டம் சன்னல்களுக்கும் ஆடுவோர் கால்களுக்கும் கேடு விளைத்தது. அமெரிக்கக் கால்பந்தின் முரட்டுத்தனத்தைக் குறைத்தபோது மாணவர்க்கு ஊக்கம் குன்றியது. லக்ராஸ் என்னும் வலைக்கோல் ஆட்டத்தால் காயங்களே மிஞ்சின. பெருங்களத்து ஆட்டத்தைச் சிறு கூடத்தில் திணித்தல் இயலாதென்பது அவருக்குத் தெளிவாயிற்று.

ஆகவே அவர் ஆட்டங்களைப் பகுத்து ஆராய்ந்தார். பந்தேந்தி ஓடுபவனைத் தடுக்கவே பிறர் அவன்மேல் பாய்கின்றனர். ஓடுதலை விலக்கினால் பாய்தலும் ஒழியும் என்று கண்டார். இளமையில் ஆடிய 'பாறைமேல் வாத்து' என்னும் கல்லெறி விளையாட்டும் நினைவில் எழுந்தது. அதில் வேகமாய் எறிவோனைவிட வளைவாய் மெல்ல எறிவோனே பயன் பெறுவான். இலக்கைத் தலைக்குமேல் கிடையாக வைத்தால் எறியும் மென்மை பெறும் என்று முடிவு செய்தார். பள்ளிக் காவற்காரர் கொடுத்த பீச்சுப் பழக்கூடைகள் இரண்டும் பத்தடி உயரத்து மாடக் கைப்பிடியில் இருபுறமும் ஆணியடித்து மாட்டப்பட்டன. பதின்மூன்று விதிகள் சுவரில் ஒட்டப்பட்டன. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முதலாட்டம் நடந்தது. ஒரே ஒரு முறைதான் பந்து கூடையில் வீழ்ந்தது. எனினும் அடங்காத வகுப்பு ஆட்டத்தை விட்டகல மனமின்றி நின்றது.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அன்று ஒரு கட்சிக்கு ஒன்பதின்மர் ஆடினர். அவ்வெண்ணை எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை. வகுப்பில் பதினெண்மர் இருந்தனர், யாவரும் ஆடவேண்டும் என்பதே காரணம். பதின்மூன்று விதிகளுள் ஆட்களின் தொகையைக் குறித்து யாதொன்றும் இல்லை. இடத்திற்கும் கூடினோர்க்கும் தக்கபடி எத்துணைப் பேரும் ஆடலாம் என்பது அவர் கருத்து.

இத்தாராளத்திற்கும் எல்லை உண்டென்பது விரைவில் விளங்கிற்று. கார்னெல் சர்வகலாசாலையில் கட்சிக்கு ஐம்பதின்மராக ஒரு பெரிய வகுப்பை ஆடவிட்டபோது, பந்தின் பின்னே யாவரும் திரண்டோடக் கட்டடத்திற்கே ஆபத்தென அஞ்சி ஆட்டத்தை நிறுத்த நேர்ந்தது. பின்னர் இடத்தின் அளவே ஆட்களின் அளவாயிற்று. 1,800 சதுர அடிக்குக் குறைந்த களத்தில் ஐவர், 3,600 சதுர அடி வரை எழுவர், அதற்கு மேல் ஒன்பதின்மர் என்று வகுத்தனர். ஸ்மித் பெண்கள் கலாசாலை ஆசிரியை செண்டா பெரன்சன் 1892இல் களத்தை மூன்று பகுதியாக்கி, அவரவர் பகுதியிலேயே நின்றாடச் செய்தார். வலியாள் ஒருத்தியே பந்தைக் கைக்கொள்ளாது யாவர்க்கும் அது கிட்டலாயிற்று. ஒரு கட்சிக்கு ஐவர் என்னும் நியமம் 1897இல்தான் நிலைபெற்றது.

நெய்ஸ்மித் 1898இல் வைத்தியப் பட்டம் பெற்று, அவ்வாண்டே கான்சாஸ் சர்வகலாசாலையில் அமர்ந்து 1937 வரை பணியாற்றினார். அங்கே அவர் பயிற்றிய கூடைப்பந்துக் கட்சி 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றது. ஆட்டத்தைப் படைத்தவர்க்கு இத்தோல்விகள் இழுக்காகத் தோன்றலாம். வெற்றியினும் மாணவர் ஒழுக்கமும் உடல்நலமுமே அவருக்குப் பெரியன. தாம் கண்ட ஆட்டத்தால் அவர் பொருள் தேடவுமில்லை. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் விழாவில் கூடைப்பந்து இடம்பெற்றபோது, முதுமையில் அதனைக் கண்ணாரக் கண்டார். 1939ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28ஆம் நாள் லாரன்ஸ் நகரில் காலமானார்.

ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பார் 1920இல் சென்னையில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்துத் தேகப்பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அதனால் அப்பள்ளியின் மரபு நம் நாட்டுக் களங்களுக்கும் வந்தெய்தியது.

மாணவ நண்பர்களே! கட்சி பிரிக்கும் பொறுப்பு உங்களில் பலருக்கு என்றேனும் வரும். அன்று கூடிய தொகை ஒற்றைப்படையாயினும் மிகையாயினும் மனந்தளர வேண்டா. களத்தைச் சுருக்கலாம், கட்சியைக் குறைக்கலாம், மூன்று கட்சியாக்கி முறை வைத்து ஆடலாம், மிஞ்சிய ஒருவனை இரு கட்சிக்கும் பொதுவில் வைத்துப் பந்துடைய பக்கம் சேரச் செய்யலாம். விதிகள் விளையாடுவோர்க்காக ஏற்பட்டவை. ஆட வந்த ஒருவனை ஓரத்தில் நிறுத்தாத களமே நெய்ஸ்மித் பெருமானுக்கு நாம் எடுக்கும் நல்ல ஞாபகச் சின்னமாம்.