மதுக்கரைக்கு வந்த டேனிஷ் பொறியாளர்

விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் காடு வானத்தை நம்பி விளைவது. மழை பொய்த்தால் மிளகாயும் பருத்தியும் பொய்க்கும். இளைஞர்கள் ஊரை விட்டுப் புறப்படுவர். என் ஊரிலிருந்து கொத்தனாராகவும் வெல்டராகவும் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் பலர். அவர்களை எண்ணும்போதெல்லாம், எதிர்த்திசையில் பயணம் செய்த ஒருவர் என் நினைவுக்கு வருகிறார். அவர்தாம் சோரன் கிறிஸ்டியன் டூப்ரோ. லார்சன் அண்டு டூப்ரோ என்னும் பெயரைக் கேளாதார் இல்லை. அப்பெயரின் பிற்பாதிக்கு உரியவர் தம் இந்திய வாழ்வைத் தமிழகத்தில்தான் தொடங்கினார் என்பதை அறிந்தோர் சிலரே.

டென்மார்க்கில் 1906-ல் பிறந்த டூப்ரோ, பொறியியல் கற்று எஃப்.எல்.சிமித் என்னும் டேனிஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். சிமெண்டு ஆலை இயந்திரங்களைப் பல நாடுகளுக்கும் விற்று, ஆளனுப்பிப் பொருத்தியும் கொடுத்த நிறுவனம் அது. கோவையை அடுத்த மதுக்கரையில் எழுந்த சிமெண்டு ஆலைக்கு இயந்திரம் நிறுவ 1934-ல் அவர் வந்தார். அன்று நம் நாடு வாங்கும் நாடு. செய்யும் அறிவு கப்பலில் வரும். வேலை முடிந்ததும் கப்பலேறிப் போய்விடும்.

டூப்ரோவோ இங்கேயே வேரூன்றினார். தம் நாட்டவரான ஹென்னிங் ஹோல்க்-லார்சனுடன் 1938-ல் பம்பாயில் கூட்டு வணிகம் தொடங்கினார். கூட்டாளிகளில் ஒருவர் அமர்ந்தால் மற்றவருக்கு இடமில்லாத சிற்றறையே அலுவலகம். டேனிஷ் பால்பண்ணைக் கருவிகளை வரவழைத்து விற்றனர். 1940-ல் ஜெர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றவே சரக்கு நின்றது. அவர்கள் கடையை மூடவில்லை. பட்டறை வைத்து அக்கருவிகளைத் தாமே செய்தனர். போர்க்காலக் கப்பல்களைப் பழுதுபார்த்தனர். டாட்டாக்களின் சோடா ஆலையை நிறுவவிருந்த ஜெர்மானியப் பொறியாளர்கள் போரினால் காவலில் வைக்கப்பட, அவ்வேலை இவர்கள் கைக்கு வந்தது. கட்டுமானத்திற்கென்றே 1944-ல் ஈ.சி.சி. நிறுவனம் பிறந்தது. 1946-ல் கூட்டு வணிகம் கம்பெனியாயிற்று. டூப்ரோ 1982-ல் மறைந்தார்.

விற்பவன் பொருத்துபவனாகிறான், பொருத்துபவன் செய்பவனாகிறான், செய்பவன் முழு வேலையையும் ஏற்கும் ஒப்பந்தக்காரனாகிறான். கட்டுமானத் தொழில் நாடு விட்டு நாடு பரவும் படிகள் இவையே என்று நான் கருதுகிறேன். இன்று அந்நிறுவனத்தின் கட்டுமானப் பிரிவு சென்னை மணப்பாக்கத்திலிருந்து இயங்குகிறது. 2022-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துக்காகக் கத்தாரில் அகமது பின் அலி அரங்கைக் கட்டியதில் அதற்கும் பங்குண்டு. வாங்கிய நாடு கட்டிக்கொடுக்கும் நாடாயிற்று.

ஆயினும் என் மனத்தில் ஒரு குறை உண்டு. டூப்ரோ கல்வியோடு வந்து தொழிலை நட்டார். எம்மவரோ உழைப்பை மட்டும் கொண்டு சென்று, பணத்தை மட்டும் கொண்டு திரும்புகின்றனர். அங்கே கற்ற கைத்திறன் இங்கே ஊன்ற இடமின்றி வீணாகிறது. அத்திறனுக்கு நம் ஊரிலேயே ஒரு பட்டறை அமைப்பது கற்றவர்களாகிய நம் கடன் அன்றோ? நண்பர்களே, சிந்திப்போம்!