தூரம் அளந்த மஹலநோபிஸ்

உயர்தர வகுப்பில் நியம விலகல் படித்தபோது, அதற்கப்பால் தேடியதில் நான் அறிந்த பெயர் பிரசாந்த சந்திர மஹலநோபிஸ்.

1893 ஜூன் 29 இல் கல்கத்தாவில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் கற்றது பௌதிகவியல். 1915 இல் தாயகம் திரும்பும் கப்பலில் 'பயோமெட்ரிகா' சஞ்சிகையை வாசித்து, புள்ளிவிபரவியலின்பால் ஈர்க்கப்பட்டார். 1931 இல் இந்தியப் புள்ளிவிபர நிறுவனத்தைத் தொடங்கினார்.

மனித உடல் அளவுகளை ஒப்பிட்டபோது, ஒவ்வோர் அளவையும் தனித்தனியே பார்த்தால் போதாதெனக் கண்டார். எங்கள் கினிகத்தேனையில் கடும் மழை புதிதல்ல. பெப்ரவரி மாதமும் புதிதல்ல. பெப்ரவரியில் கடும் மழை என்றால்தான் வியப்போம். இவ்வாறு அளவுகளுக்கிடையிலான தொடர்பையும் சேர்த்துக் கணிக்கும் 'மஹலநோபிஸ் தூரம்' பற்றிய கட்டுரையை 1936 இல் வெளியிட்டார். 1972 இல் அவர் காலமானார். இன்று வங்கி அட்டை மோசடியையும் இயந்திரப் பழுதையும் இனங்காணும் இயந்திரக் கற்றலில் அத்தூரம் பயன்படுகிறது.

மனிதரைக் குழுக்களாகப் பிரித்து அளந்த ஆய்வில் முளைத்த சூத்திரம் இது என்பதே என்னைச் சிந்திக்க வைக்கிறது. வழமைக்கு மாறானவர் எனக் கணினி சுட்டும் எல்லோரும் குற்றவாளிகளல்லர். பெப்ரவரியில் பெய்தாலும் மழை மழைதான். தூரத்தைக் கணினி அளக்கட்டும். தீர்ப்பை மனிதரே, நீதியோடு, சொல்ல வேண்டும்.