ஆல்பத்தைக் கழுவி ஊற்றியதற்காக கதவடைத்த பத்திரிகை... யார் இந்த லெஸ்டர் பேங்ஸ்?

ஒரு ஆல்பம் நள்ளிரவில் ரிலீஸ் ஆகிறது. காலை காபி குடிப்பதற்குள் ரேட்டிங், ரியாக்‌ஷன் வீடியோ, ரசிகர் சண்டை எல்லாம் முடிந்துவிடுகிறது. இப்படி ஒரு பாட்டுத் தொகுப்பை உட்கார்ந்து கேட்டு, நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று வாதாடி எழுதுவதையே ஒருவர் வாழ்க்கையாக வைத்திருந்தார். அமெரிக்க ராக் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ். 33 வயதில் இறந்தவர். இறந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இசை விமர்சனம் என்றாலே இவர் பெயர் வந்துவிடுகிறது. ஏன்?

விமர்சனத்துக்கு அப்போது ஏன் அவ்வளவு மவுசு?

1960களின் கடைசி. யூடியூப் கிடையாது, ஸ்ட்ரீமிங் கிடையாது. ரேடியோவில் ஓரிரு பாட்டு வரும். மீதியைக் கேட்க வேண்டுமென்றால் காசு கொடுத்து எல்பி ரெக்கார்டு வாங்கியே ஆக வேண்டும். பாக்கெட் மணியில் மாதத்துக்கு ஒரு ரெக்கார்டு வாங்கும் பையனுக்கு, எதை வாங்கலாம் என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டார். அந்த ஆள்தான் விமர்சகர்.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. ரெக்கார்டு கம்பெனிகள் விமர்சகர்களுக்குப் புது ஆல்பங்களை இலவசமாக அனுப்பும். அதே கம்பெனிகள்தான் பத்திரிகைக்கு விளம்பரமும் தரும். ஆக, விமர்சகர் யார் பக்கம்? காசு கொடுத்து வாங்கும் வாசகர் பக்கமா, ஓசியில் அனுப்பும் கம்பெனி பக்கமா? பேங்ஸின் மொத்த வாழ்க்கையும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது.

ஷூ கடையிலிருந்து வந்த விமர்சகர்

1948 டிசம்பர் 14 அன்று கலிஃபோர்னியாவின் எஸ்கொண்டிடோவில் பிறந்தார். 8 வயதில் அப்பா ஒரு தீ விபத்தில் இறந்துபோனார். அம்மா, யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவில் தீவிரப் பற்றுள்ளவர். சான் டியேகோ பக்கத்தில் உள்ள எல் கஹோன் என்ற சிறிய ஊரில்தான் பேங்ஸ் வளர்ந்தார்.

கண்டிப்பான வீடு. பையனுக்கோ ஜாஸ் இசையும் ஜாக் கெரூவாக், வில்லியம் பரோஸ் போன்ற பீட் எழுத்தாளர்களின் புத்தகங்களும்தான் உலகம். மூச்சு விடாமல் ஓடும் அவர்களின் நடை, பின்னாளில் இவரது விமர்சனங்களிலும் அப்படியே தெரிந்தது. பெரிய பத்திரிகைப் படிப்பெல்லாம் இல்லை. ஷூ கடையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார்.

முதல் பந்திலேயே எதிர்ப்பு

1967இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ரோலிங் ஸ்டோன் பத்திரிகை, வாசகர்களும் விமர்சனம் எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தது. பேங்ஸ் எழுதி அனுப்பியது, டெட்ராய்ட் இசைக்குழுவான எம்சி5இன் முதல் ஆல்பம் ‘கிக் அவுட் தி ஜாம்ஸ்’ பற்றி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அதே பத்திரிகை சில மாதங்களுக்கு முன்புதான் எம்சி5ஐ அட்டைப்படத்தில் போட்டுக் கொண்டாடியிருந்தது. ஆல்பம் வருவதற்கு முன்பே பயங்கர பில்டப். அதை நம்பி ரெக்கார்டு வாங்கி ஏமாந்த ரசிகனின் கோபத்தோடு, எல்லாம் வெறும் ஹைப் என்று பேங்ஸ் போட்டுத் தாக்கினார். பிரசுரிக்கவில்லையென்றால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும் என்று ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்பினார். 1969 ஏப்ரலில் அந்த விமர்சனம் அச்சில் வந்தது. அப்போது அவருக்கு 20 வயது.

கதை இத்தோடு முடியவில்லை. பின்னாளில் அதே ஆல்பம் அவருக்கு ரொம்பவே பிடித்துப்போனது. 1970இல் பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பத்தையும் இப்படித்தான் காலி பண்ணினார். இரண்டே ஆண்டுகளில் அதே குழுவை மிக மரியாதையாக அணுகி நீண்ட கட்டுரை எழுதினார். ஒருமுறை சொல்லிவிட்டோமே என்று வறட்டுப் பிடிவாதம் பிடிக்கவில்லை. காது மாறினால் கருத்தும் மாறலாம், அதையும் வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் வழக்கம்.

கதவடைத்த ரோலிங் ஸ்டோன், கைகொடுத்த க்ரீம்

1973இல் கேன்ட் ஹீட் என்ற குழுவின் ஆல்பத்தை அவர் கிண்டலடித்து எழுதிய விமர்சனம், ரோலிங் ஸ்டோன் நிறுவனர் ஜான் வென்னருக்குப் பிடிக்கவில்லை. இசைக் கலைஞர்களை அவமதிக்கிறார் என்று சொல்லி, இனி எழுத வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

பேங்ஸ் நடுத்தெருவில் நிற்கவில்லை. 1971லேயே டெட்ராய்டுக்குப் போய் ‘க்ரீம்’ பத்திரிகையில் சேர்ந்திருந்தார். பேரி கிரேமர் நடத்திய அந்தப் பத்திரிகையில் பெரிய ஸ்டார் என்றெல்லாம் பயபக்தி கிடையாது. கலாய்ப்பதுதான் அதன் ஸ்டைலே. விமர்சனம், சுயசரிதை, கற்பனை, வசை எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் கலந்து அடிக்க பேங்ஸுக்கு அங்கே இடம் கிடைத்தது.

ஒரு உதாரணம். கவுன்ட் ஃபைவ் என்று ஒரு குழு. ஒரே ஒரு ஹிட் பாட்டு, ஒரே ஒரு ஆல்பம், அவ்வளவுதான். ஆனால் 1971இல் எழுதிய கட்டுரையில், அந்தக் குழு அடுத்தடுத்து வெளியிட்ட ஆல்பங்களை பேங்ஸ் ரசித்து ரசித்து விவரித்தார். அப்படி ஆல்பங்களே கிடையாது! எல்லாம் அவர் விட்ட ரீல். பெரிய வித்வான்களின் மெருகேறிய இசையைவிட, மூன்று கார்டு மட்டுமே தெரிந்த பசங்களின் முரட்டு உற்சாகமே ராக் என்பதுதான் அதில் அவர் சொல்ல வந்தது. அத்தகைய இசையை பங்க் என்ற சொல்லால் அழைத்த முதல் சிலரில் பேங்ஸும் க்ரீமில் அவருடன் வேலை பார்த்த டேவ் மார்ஷும் உண்டு. பங்க் இசை உலகம் முழுக்கப் பேசப்பட்டது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

ஹீரோவுடன் மோதல்

பேங்ஸின் ஆதர்சம் லூ ரீட். ஆனால் இருவரும் சந்தித்தாலே சண்டைதான். பேட்டிகளில் ஒருவரை ஒருவர் வார்த்தையால் குத்திக்கொண்டார்கள். ரசிகன் என்பதற்காக பேங்ஸ் குனிந்து நிற்கவில்லை.

1975இல் லூ ரீட் ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ என்ற இரட்டை ஆல்பத்தை வெளியிட்டார். பாட்டு இல்லை, மெட்டு இல்லை, தாளம் இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் கிடார் ஃபீட்பேக் இரைச்சல் மட்டும்தான். வாங்கியவர்கள் கடுப்பானார்கள். பேங்ஸோ, இதுவரை வந்த ஆல்பங்களிலேயே இதுதான் டாப் என்று எழுதினார். நக்கலா, நிஜமா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. இரண்டும்தான் என்று எடுத்துக்கொண்டால் அவரைப் புரிந்துகொள்வது எளிது.

தன் கூட்டத்தையே கேள்வி கேட்டவர்

1976இல் க்ரீமை விட்டு நியூயார்க் போனார். வில்லேஜ் வாய்ஸ், பிரிட்டனின் என்எம்இ போன்ற பத்திரிகைகளில் எழுதினார். வில்லேஜ் வாய்ஸில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் ஆல்பங்களுக்குப் பரீட்சை பேப்பர் மாதிரி கிரேடு போட்டு, சில வரிகளில் நறுக்கென்று முடிப்பார். பேங்ஸ் அதற்கு நேர் எதிர். பக்கம் பக்கமாகப் பாய்வார்.

1977இல் தி கிளாஷ் குழுவோடு இங்கிலாந்தில் பயணம் செய்து, என்எம்இ-யில் மூன்று பகுதிகளாக எழுதினார். ரசிகர்களைச் சமமாக நடத்திய குழுவை மனம் திறந்து பாராட்டினார். கூடவே, குழுவைச் சுற்றியிருந்தவர்கள் ஒரு ரசிகனிடம் மோசமாக நடந்துகொண்டதையும் மறைக்காமல் எழுதினார்.

இதைவிடத் துணிச்சலானது 1979இல் வில்லேஜ் வாய்ஸில் வந்த கட்டுரை. நியூயார்க் பங்க் வட்டாரத்தில் ஜாலி என்ற பெயரில் புழங்கிய நிறவெறிப் பேச்சைத் தோலுரித்தார். அவரைக் கொண்டாடிய கூட்டமே அதுதான். மற்றவர்களை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்கவும் இல்லை. தானும் அதே சொற்களைப் பேசியவன், எழுதியவன் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

ஒரு ஆல்பம், ஒரு உயிர்ப்பிடி

அதே 1979இல் கிரெயில் மார்கஸ் தொகுத்த ‘ஸ்ட்ராண்டட்’ புத்தகம் வந்தது. ஆளில்லாத் தீவுக்கு ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துப் போகலாம் என்றால் எதை எடுப்பீர்கள் என்பதுதான் விமர்சகர்களுக்குத் தரப்பட்ட கேள்வி. பேங்ஸ் தேர்ந்தெடுத்தது வேன் மோரிசன் 1968இல் வெளியிட்ட ‘ஆஸ்ட்ரல் வீக்ஸ்’.

சத்தத்தையும் கலாட்டாவையும் கொண்டாடியவர், இங்கே குரலைத் தாழ்த்தினார். மனதும் உடம்பும் நொறுங்கிக் கிடந்த காலத்தில் அந்த ஆல்பம் தனக்கு எப்படிக் கைகொடுத்தது என்று எழுதினார். அடுத்தவர் வலியை முழுசாக உணர ஆரம்பித்தால் மனிதனால் தாங்க முடியுமா என்ற கேள்விக்கு அந்தக் கட்டுரை போகிறது. ஆல்பம் விமர்சனம் இவ்வளவு ஆழம் போகுமா என்று கேட்பவர்களுக்கு இன்றும் காட்டப்படும் உதாரணம் இது.

33 வயதில் முடிந்த கதை

குடியும் மாத்திரையும் அவரை விடவில்லை. குடியைக் குறைக்க முயன்றுகொண்டிருந்தார். 1982 ஏப்ரல் 30 அன்று நியூயார்க் வீட்டில் இறந்து கிடந்தார். காய்ச்சலுக்கு மருந்து எடுத்திருந்தார். வலிநிவாரணி, மனப்பதற்றத்துக்கான மாத்திரை, சளி மருந்து எல்லாம் உடலில் ஒன்றுசேர்ந்து உயிரைப் பறித்துவிட்டன. தற்கொலை அல்ல, தற்செயல் மரணம்.

உயிரோடு இருந்தபோது வந்த புத்தகங்கள், பிளாண்டி குழுவைப் பற்றி ஒன்றும், ரோட் ஸ்டூவர்ட்டைப் பற்றி இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய ஒன்றும்தான். அவர் பெயரை நிலைநிறுத்திய கட்டுரைத் தொகுப்பு 1987இல்தான் வெளிவந்தது. 2000இல் வந்த ‘ஆல்மோஸ்ட் ஃபேமஸ்’ படத்தில் பிலிப் சீமோர் ஹாஃப்மன் இவராக நடித்தார். இயக்குநர் கேமரன் குரோ, டீன் ஏஜில் பேங்ஸிடம் நேரடியாக ஆலோசனை கேட்டு வளர்ந்தவர். ஸ்டார்களோடு ஃபிரெண்ட் ஆகிவிடாதே, அப்புறம் உண்மையை எழுத முடியாது என்பதுதான் படத்தில் அந்தக் கதாபாத்திரம் சொல்லும் பாடம்.

இன்றைக்கு என்ன சம்பந்தம்?

இப்போது பாட்டைக் கேட்கக் காசு பிரச்சினை இல்லை. எதை வாங்கலாம் என்று சொல்லும் வேலை விமர்சகரிடமிருந்து போய்விட்டது. ஆனால் விமர்சகர் யார் பக்கம் என்ற கேள்வி போகவில்லை. இலவச ரெக்கார்டு இருந்த இடத்தில் இப்போது பெய்டு புரமோஷன் இருக்கிறது. பத்திரிகை விளம்பரம் இருந்த இடத்தில் ரசிகர் படையின் மிரட்டல் இருக்கிறது.

பேங்ஸ் இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு பள்ளி மாணவர் அவரைப் பேட்டி எடுக்க வீட்டுக்குப் போனார். பெரிய ஆள் என்ற பந்தா இல்லாமல் பேங்ஸ் உட்கார்ந்து பேசினார். அந்த மாணவர் ஜிம் டெரோகாட்டிஸ். பிறகு அவரும் இசை விமர்சகர் ஆனார். 2000இல் பேங்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதும் அவர்தான்.