துப்பாக்கிக்கு நற்பெயர் தேடித் தந்த பெண்மணி

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே விளையாட்டு மைதானத்தை நினைவுகூருவோர் எம்மிடையே மிகச் சிலரே. நீண்டதொரு போர் 2009 இல் முடிவுற்ற நாட்டில் வாழும் நாம், அச்சொல்லோடு இழப்பையும் அச்சத்தையுமே சேர்த்து எண்ணப் பழகியுள்ளோம். ஆயினும், 1896 ஆம் ஆண்டு ஏதென்ஸில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக் போட்டிகளிலேயே குறிபார்த்துச் சுடுதல் இடம்பெற்றிருந்தது என்பது வரலாறு. இவ்விளையாட்டின் மீது பொதுமக்களுக்குள்ள ஐயத்தைப் போக்குவதற்குப் புகழ்பெற்ற வீரர்களைத் தூதுவர்களாக முன்னிறுத்த வேண்டுமென்ற கருத்து இன்று பல நாடுகளிலும் ஒலிக்கின்றது. ஒரு விளையாட்டின் பெயரைத் தனியொருவரால் மாற்றிவிட முடியுமா என்ற வினாவுக்கு விடை தேடுவோர், அமெரிக்காவின் அன்னி ஓக்லியின் வாழ்வை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது பயன்தரும் என நாம் கருதுகின்றோம்.

1860 ஓகஸ்ட் 13 ஆம் திகதி ஒஹாயோ மாநிலத்தின் டார்க் மாவட்டத்தில் வறிய விவசாயக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஃபீபி அன். ஆறு வயதை எட்டுவதற்கு முன்னரே தந்தையை இழந்தார். குடும்பத்தால் தாங்க முடியாத நிலையில், ஒன்பது வயதளவில் ஏழைகள் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். அங்கிருந்து வேலைக்காக ஒரு வீட்டுக்கு அனுப்பப்பட்ட அச்சிறுமி, அடிமைக்கு ஒப்பான துன்பங்களை அங்கு அனுபவித்தார். தம்மை வதைத்த அக்குடும்பத்தின் பெயரைப் பின்னாளில் அவர் ஒருபோதும் வெளியிடவில்லை. ஓநாய்கள் என்று மாத்திரமே அவர்களைக் குறிப்பிட்டு வந்தார்.

வீடு திரும்பிய அவருக்குத் துப்பாக்கி விளையாட்டுப் பொருளாகவோ ஆயுதமாகவோ அமையவில்லை. அது வயிற்றுப்பாட்டுக்கான கருவியாகவே இருந்தது. காட்டுப் பறவைகளையும் சிறு விலங்குகளையும் வேட்டையாடி, அயலிலுள்ள கிரீன்வில் நகரக் கடைக்காரருக்கு விற்றார். அவ்வருவாயைக் கொண்டு, தமது பதினைந்தாவது வயதளவில், தாயாரின் பண்ணை மீதிருந்த அடமானக் கடனை அடைத்து முடித்தார்.

இக்காலப்பகுதியிலேயே, ஊர் ஊராகச் சென்று சுடும் திறனைக் காட்டி வந்த ஃபிராங்க் பட்லர் என்பவருடன் அவர் போட்டியிட நேர்ந்தது. அயர்லாந்தில் பிறந்தவரான பட்லர், தம் எதிரே வந்து நின்ற சிறு பெண்ணைக் கண்டு வியந்தார். ஒரேயொரு குறி வித்தியாசத்தில் அவரிடம் தோற்றும் போனார். தோல்வி பகையாக மாறவில்லை. இருவரும் மணம் புரிந்துகொண்டனர். மனைவியின் திறமை தமது திறமையை விஞ்சியது என்பதை உணர்ந்த பட்லர், மேடையின் முன்னிலையிலிருந்து விலகி, அவரது நிகழ்ச்சிகளை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அக்கால ஆடவரிடையே இத்தகைய பெருந்தன்மை அரிது.

1884 இல் லகோட்டா பழங்குடித் தலைவரான சிட்டிங் புல், அன்னியின் திறனைக் கண்டு வியந்து அவரைத் தம் மகளாகவே வரித்துக்கொண்டார். மறு ஆண்டில் பஃபலோ பில்லின் புகழ்பெற்ற காட்சிக் குழுவில் அன்னி இணைந்தார். 1887 இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி லண்டனிலும், 1889 இல் பாரிஸ் உலகக் கண்காட்சியின் போதும் அக்குழு நிகழ்ச்சிகளை நடத்தியது. வானில் எறியப்பட்ட கண்ணாடிப் பந்துகளைச் சிதறடித்ததும், கண்ணாடியைப் பார்த்தவாறு தோளுக்குப் பின்னால் இருந்த குறியை வீழ்த்தியதும் பார்வையாளரைத் திகைக்க வைத்தன. 1894 இல் தோமஸ் எடிசனின் கூடத்தில் அவரது சுடும் திறன் அசையும் படமாகவும் பதிவு செய்யப்பட்டது.

எனினும், மக்கள் அவரை மதித்தமைக்குக் குறி தவறாமை மாத்திரம் காரணமன்று. தம் ஆடைகளைத் தாமே தைத்து அணிந்தார், கண்ணியமாகவே மேடையேறினார், ஓய்வு வேளைகளில் கூடாரத்தில் அமர்ந்து பூத்தையல் செய்தார். துப்பாக்கி ஏந்துவோர் முரடர் என்றும், மேடையேறும் பெண்கள் ஒழுக்கம் குன்றியோர் என்றும் எண்ணிய சமூகத்தின் முன்னே, இவ்விரண்டும் பொய் என்பதை அவர் தமது நடத்தையால் நிறுவினார்.

அந்நற்பெயருக்கே 1903 ஓகஸ்ட் மாதத்தில் சோதனை வந்தது. கொக்கெயின் போதைக்கு அடிமையாகித் திருட்டுக் குற்றத்துக்காக அன்னி ஓக்லி கைதானார் என்று, ஹேர்ஸ்ட் நிறுவனத்துக்குச் சொந்தமான சிக்காகோ பத்திரிகையில் செய்தி வெளியாயிற்று. உண்மையில் கைதானவர், அவரது பெயரைப் பயன்படுத்தி மேடையேறிய வேறொரு பெண். எவரும் விசாரித்து அறியாமலே நாடெங்கிலும் உள்ள பத்திரிகைகள் அச்செய்தியை மறுபிரசுரம் செய்தன. 1901 இல் நேர்ந்த புகையிரத விபத்தில் காயமுற்று, காட்சிக் குழுவிலிருந்தும் விலகியிருந்த அன்னி, 55 பத்திரிகைகள் மீது வழக்குத் தொடுத்தார். அவரது கடந்த காலத்தில் களங்கம் தேடி ஹேர்ஸ்ட் தரப்பினர் ஒஹாயோவுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தும் எதுவும் அகப்படவில்லை. 1910 அளவில் வழக்குகள் முடிவுற்றபோது, ஒன்றைத் தவிர ஏனைய அனைத்திலும் அவர் வெற்றி பெற்றிருந்தார். கிடைத்த நட்டஈடோ வழக்குச் செலவையே ஈடுசெய்யவில்லை. பணத்துக்காக அன்றிப் பெயருக்காகவே அவர் போராடினார். ஒரு நாளில் அச்சேறிய பொய்யைத் துடைத்தெறிய ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதைப் பத்திரிகைத் துறையினராகிய நாமும் மறந்துவிடலாகாது.

1913 இல் காட்சி மேடைகளிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர், வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் நகரில் பெண்களுக்குச் சுடும் பயிற்சி அளித்து வந்தார். தம் வாழ்நாளில் 15,000 இற்கும் அதிகமான பெண்களுக்கு அவர் பயிற்றுவித்ததாகக் கணிக்கப்படுகின்றது. 1922 இல், 62 ஆவது வயதிலும், தொடர்ச்சியாக 100 களிமண் குறிகளை வீழ்த்தினார். அதே ஆண்டின் இறுதியில் மோட்டார் வாகன விபத்தொன்றில் படுகாயமுற்றும், காலில் உலோகத் தாங்கியுடன் மீண்டும் களம் கண்டார்.

அவரது வாழ்வில் முரண்பாடுகளும் இருந்தன. பெண்கள் துப்பாக்கி பயில வேண்டுமென வலியுறுத்திய அவர், பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல் கொடுக்க முன்வரவில்லை. 1898 இல் ஸ்பெயினுடன் போர் மூளவிருந்த வேளையில், 50 பெண் சுடுநர்களைக் கொண்ட அணியொன்றைத் தர முன்வந்து ஜனாதிபதி மெக்கின்லிக்குக் கடிதம் எழுதினார். விளையாட்டுக்கும் போருக்கும் இடையிலான எல்லைக்கோடு அவரது மனதிலும் தெளிவாக இருக்கவில்லை என்பதையே இது காட்டுகின்றது. அவ்வெல்லையைத் தெளிவாக வரைவதே இன்று இவ்விளையாட்டுக்காகப் பேசுவோரின் முதற் கடமை ஆகும்.

1926 நவம்பர் 3 ஆம் திகதி கிரீன்வில் நகரில் அன்னி காலமானார். பதினெட்டு நாட்களின் பின் பட்லரும் மறைந்தார். 1946 இல் நியூயோர்க்கில் அரங்கேறிய இசை நாடகமொன்று அன்னியின் கதையைப் பாடுபொருளாக்கியது. ஆனால் காதலுக்காக அவர் வேண்டுமென்றே போட்டியில் தோற்பதாக அது காட்டியது. உண்மையில் வென்றவர் அவரே. அவ்வெற்றியைக் கணவரும் மனமுவந்து ஏற்றிருந்தார். மறைந்த பின்னரும் ஒருவரது பெயரை மற்றவர்கள் தம் விருப்பப்படி திருத்தி எழுத முடியும் என்பதற்கு இது சான்று.

ஒலிம்பிக் சுடுதல் போட்டிகளில் 1968 இலேயே பெண்கள் முதன்முறையாகப் பங்குபற்றினர். 1992 இல் பார்சிலோனாவில் சீன வீராங்கனை ஷாங் ஷான் ஆண்களையும் வென்று தங்கம் பெற்றார். அடுத்த ஒலிம்பிக்கில் அப்போட்டியின் கதவு பெண்களுக்கு மூடப்பட்டது. 2012 இல், கட்டார் முதன்முறையாகப் பெண்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பியபோது, லண்டனில் அந்நாட்டுத் தேசியக் கொடியை ஏந்திச் சென்றவர் பஹியா அல் ஹமாட் என்ற துப்பாக்கி சுடும் வீராங்கனையே. அன்னி பயிற்றுவித்த பெண்களின் வரிசை எத்துணை தூரம் நீண்டுள்ளது என்பதை இதனால் உணரலாம்.

விளம்பரப் பலகையில் ஒரு முகத்தைப் பதித்துவிடுவதால் மாத்திரம் ஒரு விளையாட்டின் மீதான அச்சம் அகன்றுவிடாது. துப்பாக்கியால் உறவுகளை இழந்தோரின் அச்சம் அறியாமையால் எழுந்ததன்று. அதை மதித்த பின்னரே எந்தத் தூதுவரும் வாய் திறக்க வேண்டும். பொறுமையையும் கட்டுப்பாட்டையும் பேச்சில் அன்றி வாழ்வில் காட்டியமையாலேயே அன்னி ஓக்லி நம்பிக்கைக்குரியவரானார். தூதுவர்களைத் தேடுவோர் பதக்கங்களை எண்ணுவதோடு நின்றுவிடாது, அவற்றைச் சுமப்பவரின் நடத்தையையும் எடைபோட வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.