தச்சர் காட்டிய உலகம்

ஆரணியில் பட்டுத் தறி போடும் நாலு குடும்பங்கள் திருப்பதிக்குப் புறப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் போனால் செலவு அதிகம். சேர்ந்து ஒரு வேன் பேசினால் தலைக்கு ஆகும் பணம் குறையும். பெண்களும் வயதானவர்களும் பயமில்லாமல் வரலாம்.

இந்தச் சின்னக் கணக்கை உலகம் முழுவதற்கும் போட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்துக்காரர். பரம ஏழை. பெயர் தாமஸ் குக்.

பத்து வயதில் வேலை

1808-ம் ஆண்டு நவம்பர் 22-ந்தேதி மெல்போர்ன் என்ற ஊரில் அவர் பிறந்தார். ஆஸ்திரேலியாவில் உள்ள பெரிய நகரம் அல்ல, இங்கிலாந்தில் டெர்பி பகுதியில் உள்ள சிற்றூர். குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். பத்து வயதில் படிப்பு நின்றது. தோட்ட வேலைக்குப் போனார். பிறகு தச்சு வேலை பழகினார்.

வாலிப வயதில் மதப் பிரசாரகர் ஆனார். ஒரே வருஷத்தில் 2 ஆயிரம் மைலுக்கு மேல் கால்நடையாகவே சுற்றினார். அடுத்து மதுவிலக்குப் பிரசாரத்தில் இறங்கினார். ஆலைத் தொழிலாளிகள் கூலியைக் குடித்தே தீர்த்த காலம் அது. குடிக்காதே என்று சொன்னால் மட்டும் போதுமா? வேறு சந்தோஷம் ஒன்று காட்ட வேண்டாமா?

தனி ரயில்

1841-ம் ஆண்டு ஜூன் மாதம் மதுவிலக்குக் கூட்டத்துக்கு லெஸ்டர் நகரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். வழியில் ஒரு யோசனை உதித்தது. ரயில் கம்பெனியிடம் போய், ஆட்களை நான் சேர்த்துத் தருகிறேன், கட்டணத்தைக் குறையுங்கள் என்று கேட்டார். கம்பெனி சம்மதித்தது.

ஜூலை 5-ந்தேதி சுமார் 500 பேர் லெஸ்டரிலிருந்து லப்பரோவுக்குத் தனி ரயிலில் போனார்கள். கூரை இல்லாத பெட்டிகள். போக வர ஒரு ஷில்லிங்.

எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. 1846-ல் 350 பேரை ஸ்காட்லாந்துக்கு அழைத்துப் போனார். ரயிலில் கழிப்பறை கிடையாது. வழியில் கிடைக்கும் என்று சொன்ன தேநீரும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டே குக் திவாலானார்!

ஆனாலும் விடவில்லை. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு சுமார் ஒன்றரை லட்சம் பேரை அனுப்பிவைத்தார். தொழிலாளிகள் வாராவாரம் சிறு தொகை கட்டிப் பயணப் பணம் சேர்த்தார்கள். நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான்.

கடல் கடந்து

1855-ல் முதல் தடவையாகக் கோஷ்டியைக் கடல் கடந்து ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். நஷ்டம்தான். 1863-ல் சுவிட்சர்லாந்து. அந்தக் கோஷ்டியில் பெண்கள் பலர் இருந்தார்கள்.

இது சாதாரண விஷயம் அல்ல. ஆண் துணை இல்லாமல் கௌரவமான குடும்பத்துப் பெண் வெளிநாடு போவது அன்று வழக்கமில்லை. கோஷ்டியோடு போகிறாள், குக் உடன் வருகிறார் என்றால் வீட்டில் மறுப்பு எழவில்லை. கணக்குப் பார்க்கும் மனிதர்கள் குறைந்த செலவைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். இந்தத் தைரியம் அதைவிடப் பெரிது.

சீமான்களுக்கோ பொறுக்கவில்லை. தங்களுக்கே சொந்தம் என்று நினைத்த இடங்களில் கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் நடமாடினால்? மந்தை மந்தையாக வருகிறார்கள் என்று ஏளனம் செய்தார்கள். குக் பதிலுக்குப் பத்திரிகை நடத்தி, மலையும் ஆறும் எல்லோருக்கும் பொது என்று வாதாடினார்.

தெரியாத ஊரில் பாஷையும் தெரியாது, காசும் மாறும். அதற்கும் வழி கண்டார். 1868-ல் ஓட்டல் கூப்பன். ஊரிலேயே பணம் கட்டி வாங்கிக்கொண்டால், அங்கே ஓட்டலில் சீட்டைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கலாம். 1874-ல் வெளிநாட்டில் பணமாக மாற்றிக்கொள்ளும் பணச் சீட்டு. பிற்காலத்துப் பயணிகள் செக்குக்கு அதுதான் முன்னோடி.

222 நாட்கள்

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதையும் முடிந்தது. உலகைச் சுற்ற வழி பிறந்துவிட்டது. 1872-ல் ஒரு சிறு கோஷ்டியுடன் குக் கிளம்பினார். வயது 63. அமெரிக்கா, ஜப்பான், சீனா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா, எகிப்து என்று சுற்றி, 222 நாட்களில் ஊர் திரும்பினார்.

வீட்டில் மட்டும் நிம்மதி இல்லை. மகன் ஜான் கெட்டிக்கார வியாபாரி. தர்மத்தையும் வியாபாரத்தையும் கலக்கும் தகப்பனாரோடு அவருக்கு ஒத்துவரவில்லை. 1870-களின் கடைசியில் தாமஸ் ஒதுங்கிக்கொண்டார். 1880-ல் மகள் ஆனி, குளியலறையில் வெந்நீர்க் கருவியின் விஷவாயு தாக்கி இறந்தாள். 1884-ல் மனைவியும் போய்விட்டாள். லட்சக்கணக்கானவர்களுக்கு உலகத்தைக் காட்டியவருக்குக் கடைசிக் காலத்தில் கண் பார்வையும் போயிற்று. 1892-ம் ஆண்டு ஜூலை 18-ந்தேதி, 83-வது வயதில் லெஸ்டரில் காலமானார்.

லெஸ்டர் ரயில் நிலையத்துக்கு வெளியே பெட்டி, குடையுடன் அவருடைய சிலை நிற்கிறது.

அவர் தொடங்கிய கம்பெனி 2019-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந்தேதி கடன் சுமையால் மூடப்பட்டது. இந்தியாவில் அதே பெயரில் உள்ள கம்பெனி 2012-லிருந்தே தனி, அதற்குப் பாதிப்பில்லை. மூடிய அன்று சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பயணிகள் வெளிநாடுகளில் இருந்தார்கள். பிரிட்டிஷ் அரசாங்கம் தனி விமானங்கள் அமர்த்தி அவர்களை ஊர் கொண்டுவந்து சேர்த்தது.