நிலவுக்குப் போன கேமரா முதல் சாப் கார் வரை: ஒற்றை நுரையீரலோடு வாழ்ந்த சிக்ஸ்டன் சாசோன் யார்?

நிலவில் விண்வெளி வீரர்கள் பயன்படுத்திய ஹாசல்பிளாட் கேமரா, எலக்ட்ரோலக்ஸ் வாக்குவம் கிளீனர், ஹஸ்க்வர்னா மோட்டார் சைக்கிள், இன்று தயாரிப்பில் இல்லாத சாப் கார். இந்த நாலுக்கும் என்ன சம்பந்தம்? நாலுமே ஸ்வீடன் நாட்டுப் பொருட்கள் என்பது பாதி பதில்தான். நாலின் வடிவத்திலும் ஒரே மனிதரின் பென்சில் கோடு இருக்கிறது. அவர் பெயர் சிக்ஸ்டன் சாசோன்.

1912-ல் ஸ்வீடனின் ஷவ்டே நகரில் பிறந்தவர். அப்போது அவர் பெயர் சிக்ஸ்டன் ஆண்டர்சன். நம்ம ஊரில் குமார் மாதிரி, அங்கே தெருவுக்குத் தெரு ஆண்டர்சன்கள். அதனாலோ என்னவோ, பின்னாளில் சாசோன் என்று பெயரை மாற்றிக்கொண்டார்.

இளம் வயதில் அவருக்கு இருந்த ஆசை விமானம் ஓட்டுவது. விமானப்படையில் பயிற்சிக்கும் போனார். ஆனால் ஒரு விபத்தில் விமானத்தின் இறக்கையைத் தாங்கும் கம்பி அவர் மார்பைத் துளைத்தது. ஒரு நுரையீரலை இழந்தார். பைலட் கனவு அதோடு முடிந்தது. பிழைக்க வழி கொடுத்தது வரைகிற கை.

ஒரு இயந்திரத்தின் மேல்தோலை உரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே பாணி ஓவியங்களில் சாசோன் கில்லாடி. அந்தத் திறமைதான் அவரை சாப் நிறுவனத்துக்குள் கொண்டுபோனது. அப்போது சாப் கார் கம்பெனியே இல்லை. 1937-ல் போர் விமானங்கள் தயாரிக்கத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ஸ்வீடன் விமான நிறுவனம் என்பதன் சுருக்கம்தான் சாப்.

விமானக்காரர்கள் செய்த கார்

இரண்டாம் உலகப்போர் முடியப்போகிறது, இனி போர் விமானங்களுக்கு இவ்வளவு ஆர்டர் வராது என்று நிறுவனத்துக்குப் புரிந்தது. சரி, கார் செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். பொறுப்பு குன்னார் யூங்ஸ்ட்ரோம் கையில் கொடுக்கப்பட்டது. அவர் விமான இறக்கைப் பொறியாளர். முதல் குழுவில் 16 பேர், அதில் இரண்டு பேரிடம்தான் டிரைவிங் லைசென்ஸ் இருந்தது என்று இன்றும் சொல்வார்கள்.

வெளித்தோற்றம் சாசோன் வேலை. அவர் வரைந்தது காரே இல்லை, விமான இறக்கையை நறுக்கிச் சக்கரம் மாட்டியதுபோல ஒரு உருவம். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் நீர்த்துளிபோல ஒடுங்கி, சக்கரங்கள்கூட பாதி மூடியபடி. காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண், அந்த மாதிரி காருக்கு சுமார் 0.30. இன்றைய பல கார்களோடு போட்டி போடும் எண் இது. அதே காலத்து ஃபோக்ஸ்வேகன் பீட்டில் பக்கத்திலேயே வர முடியாது.

அழகுக்காக மட்டும் இப்படிச் செய்யவில்லை. காரில் இருந்தது சின்ன இன்ஜின். காற்றைச் சுலபமாகக் கிழித்துப் போனால்தான் அந்தக் குறைந்த சக்தியிலும் வேகம் கிடைக்கும். கறுப்பு பெயின்ட் அடித்த அந்தச் சோதனைக் காரை ஆள் நடமாட்டமில்லாத காட்டுப் பாதைகளில் ரகசியமாக ஓட்டிப் பார்த்தார்கள். மூடிய சக்கரங்களில் சேறும் பனியும் அடைத்துக்கொண்டன. சாசோன் வரைந்த கோடு முதலில் வளைந்துகொடுத்தது அங்கேதான். விற்பனைக்கு வந்த காரில் முன்சக்கரங்களைத் திறந்துவிட வேண்டியிருந்தது.

1947 ஜூனில் உலகுக்குக் காட்டி, 1949 டிசம்பரில் ட்ரோல்ஹேட்டன் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது. பெயர் சாப் 92. 764 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 25 குதிரைசக்தி, முன்சக்கர இயக்கம். ஆரம்பத்தில் பச்சை நிறம் மட்டும்தான் கிடைக்கும். போர் விமானங்களுக்கு வாங்கி மிஞ்சிப்போன பெயின்ட் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. டிக்கிக்குத் தனிக் கதவு கிடையாது. பெட்டியை வைக்கணும்னா பின்சீட்டை மடக்கி உள்ளே தள்ளணும். வாங்கினவர்கள் திட்டாமலா இருந்திருப்பார்கள்? 1953-ல்தான் அதைச் சரிசெய்தார்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு சிக்கல். பழைய ஆட்டோக்களில் 2டி ஆயில் கலப்பது நினைவிருக்கும். இதுவும் அதே முறைதான், பெட்ரோலோடு வரும் ஆயில்தான் இன்ஜினுக்கு மசகு. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் குறையும், ஆயிலும் குறையும். ஆனால் சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்றவைத்துக்கொண்டே இருக்கும். உள்ளே உராய்ந்து தேய்ந்துபோகும். இதற்கு சாப் கண்ட வழி, சைக்கிளில் பெடல் மிதிக்காமல் விட்டால் சக்கரம் மட்டும் உருளுமே, அதே ஃப்ரீவீல் ஏற்பாடு.

1955-ல் வந்த 93-ம், 1960-ல் வந்த 96-ம் சாசோனின் அதே நீர்த்துளியின் அடுத்தடுத்த வடிவங்கள். 96-ஐ ஓட்டி எரிக் கார்ல்சன் 1962, 1963 இரண்டு ஆண்டும் மான்டி கார்லோ ராலியை வென்றார். அந்த கார் 1980 ஜனவரி வரை தயாரிப்பில் இருந்தது. இதற்கு நடுவே 1948-ல் விக்டர் ஹாசல்பிளாட் வெளியிட்ட 1600எஃப் கேமராவுக்கும் சாசோன்தான் வடிவம் கொடுத்தார். நிலவுக்குப் போன மாடல் அதன் வாரிசு. கேமராவில் ஹாசல்பிளாட் பெயர் இருந்தது, காரில் சாப் பெயர் இருந்தது. சாசோன் பெயர் எதிலும் இல்லை.

பார்க்காமலே போனார்

60-களில் பெரிய கார் ஒன்று தேவைப்பட்டது. குட்மண்ட் என்ற ரகசியப் பெயரில் வேலை தொடங்கியது. உள்பாகங்களைச் சோதிக்க ஒரு 96 காரை நடுவில் அகலப்படுத்தினார்கள். பார்க்க தேரை மாதிரி இருந்ததால் அதற்கு அந்தப் பெயரே வைத்துவிட்டார்கள். பிறகு புதிய உடலோடு ரோட்டில் இறங்கியபோது யாருக்கும் தெரியக்கூடாது என்று டைஹாட்சு எழுத்துகளை ஒட்டினார்கள்!

சாப் 99-ல் சாசோன் பழைய நீர்த்துளியைக் கைவிட்டார். வளைந்த முன்கண்ணாடி, சரிந்து இறங்கும் பின்பக்கம், சாவித்துளை முன்சீட்டுகளுக்கு நடுவே. இதைப் பார்த்தால் பழைய சாப் ஜாடையே இல்லை. ஆனாலும் சாப் என்று தெரியும். அவருடைய உச்சம் இந்த கார்தான்.

1967 நவம்பர் 22-ல் ஸ்டாக்ஹோமில் திரை விலகியது. சாசோன் அங்கே இல்லை. அதே ஆண்டு, சில மாதங்களுக்கு முன்பே, 55 வயதில் இறந்துவிட்டார். அவரிடம் உதவியாளராக வேலை கற்ற பியோர்ன் என்வால் பின்னர் சாப் டிசைன் பொறுப்புக்கு வந்தார். 99-ஐ நீட்டி அவர் செய்த 900, 90-கள் வரை விற்பனையில் இருந்தது. அதன் முன்கண்ணாடியிலும் கதவுகளிலும் இருப்பது சாசோன் வரைந்த 99.

ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்பைக்கர் என்று கைமாறிய சாப் கார் நிறுவனம் 2011 டிசம்பர் 19-ல் திவால் ஆனது. ட்ரோல்ஹேட்டன் அருங்காட்சியகத்தில் இருந்த கார்களும் ஏலத்துக்குப் போகும் நிலை. 2012-ல் ட்ரோல்ஹேட்டன் நகராட்சி, விமானம் தயாரிக்கும் சாப் நிறுவனம், வாலன்பெரி அறக்கட்டளை மூன்றும் சேர்ந்து 2.8 கோடி குரோனாவுக்கு மொத்தமாக வாங்கிக்கொண்டன. இறக்கை மாதிரி இருக்கும் அந்தக் கறுப்புச் சோதனைக் கார் இன்றும் அங்கேதான் நிற்கிறது.